கடைசியாகச் சொன்ன ஆழம் எட்டடி

செவ்வாய்க்கிழமை, காலை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. அதனால் முதலில் உட்கார்ந்துகொள். உன் நாத்தனார் பக்கத்தில் இருந்தால், தம்பி ஏதோ மருந்துச் சீட்டு அனுப்பியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படி. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கொள்ளுத்தாத்தா படத்துக்கு எதிரே மட்டும் உட்காராதே. விஷயமே அந்தப் படத்தைப் பற்றியதுதான்.

இந்தக் கோடையில் ஆறு வற்றியது உனக்குத் தெரியும், போன கடிதத்தில் எழுதியிருந்தேன். எழுதும்போது கணுக்கால் அளவு என்று எழுதினேன், அது என்னுடைய வழக்கமான மிகைப்படுத்தல், ஆனால் ஆறு அதைப் படித்துவிட்டதோ என்னவோ, அடுத்த வாரமே இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு புகைபோக்கி தலையை நீட்டியது. நான்கு நாள் கழித்து வண்டிச் சக்கரத்தைப் போல் பத்து மடங்கு பெரிய துடுப்புச் சக்கரம் ஒன்று. பிறகு துருப்பிடித்த மேல்தளம், ஒரு கைப்பிடி, அதில் உட்கார்ந்து இறகு உலர்த்தும் நீர்க்காகம். கொள்ளுத்தாத்தாவின் நீராவிப் படகு, அக்கா. நாம் சின்ன வயதில் கரையில் நின்று, அதோ அங்கேதான், அங்கேதான் என்று தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தோமே, அதற்கு இருநூறு கெஜம் தள்ளி.

ஊரே கரைக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? வாரப் பத்திரிகையில் பன்னிரண்டு வருஷமாக ஊர்ப்பேச்சு எழுதுகிறேன், அதில் பதினான்கு வாரம் கேப்டன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றியே எழுதியிருக்கிறேன். புயலில் படகு மூழ்கும்போது அவர் பயணிகளைத் தோளில் சுமந்து கரை சேர்த்த வரலாறு. தாத்தா சொல்லும்போது பத்துப் பேரைச் சுமந்தார். அப்பா சொல்லும்போது இருபத்தைந்து. நான் அச்சில் ஏற்றும்போது நாற்பது. எனக்குப் பிள்ளை இல்லாதது ஒருவகையில் நல்லது, இருந்திருந்தால் படகில் ஏறாதவர்களையும் காப்பாற்றியிருப்போம்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நகரசபை அறிவிப்பு ஒட்டிவிட்டது. புதிதாகப் படகுத்துறை கட்டப் போகிறார்களாம், இந்தப் பழைய இரும்பு வழியில் கிடக்கிறதாம், துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போடப் போகிறார்களாம். கான்ட்ராக்டர் ஒருவர் தட்டையான மிதவை ஒன்றில் கேஸ் சிலிண்டர்கள், வெட்டும் சாமான்கள், எட்டு ஆட்கள் சகிதம் வந்து, படகுக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டுவிட்டார். யாராவது அந்தப் படகுக்கு வரலாற்று முக்கியத்துவம் உண்டு என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்களாம். ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிப்பார். விசாரணை நாளைக்கு, புதன்கிழமை பதினொரு மணிக்கு. நிரூபிக்காவிட்டால் பன்னிரண்டு மணிக்கு வெட்ட ஆரம்பிப்பார்கள்.

நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கே நீராவிப் படகுப் பாதுகாப்புக் குழு அமைத்தேன். தலைவர், மருந்துக்கடைக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தப் படகில் முதல் வகுப்பில் மூன்று டிரங்குப் பெட்டியுடன் வந்தவர் என்பது கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். செயலாளர், நான். உறுப்பினர், உன் தம்பி பெண்டாட்டி. அவளைக் கேட்காமலே சேர்த்தேன், ராஜினாமாக் கடிதம் அன்று மாலையே காபியோடு வந்தது. நான் மட்டும் பதினோரு பக்கத்தில் மனு எழுதினேன். எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன்.

"வரலாற்று முக்கியத்துவம்னு முப்பத்தேழு தடவை வருது" என்றாள்.

"அழுத்தம் வேணாமா?"

"யாராவது நான் ரொம்ப நேர்மையானவன்னு முப்பத்தேழு தடவை சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க?"

அப்படியே அனுப்பினேன். அதிகாரியம்மாவிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. தங்கள் மனுவில் உணர்ச்சி நிறைய உள்ளது, சான்று எதுவும் இணைக்கப்படவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நானே பதில் எழுதினேன்: அந்தப் படகுக் கம்பெனியின் விபத்து விசாரணை அறிக்கை உங்கள் காப்பகத்திலேயே எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள், எங்கள் கேப்டனின் வீரம் அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். பாவம், அந்தம்மா பொறுப்பானவர். தேடினார். கிடைத்தது. போன வெள்ளிக்கிழமை நகல் எடுத்து எனக்கு அனுப்பிவைத்தார்.

அக்கா, இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்.

நம் கொள்ளுத்தாத்தா கேப்டன் இல்லை.

அவர் ஆழம் சொல்பவர். அந்தக் காலத்துப் படகுகளில் அப்படி ஒரு வேலை உண்டாம். படகின் முன்முனையில் அடிக்கணக்கு கோடு போட்ட ஒரு நீளக் கம்போடு நிற்க வேண்டும், கம்பைத் தண்ணீரில் விட்டு எடுத்து, பத்தடி, ஒன்பதடி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பின்னால் இருக்கும் கேப்டன் அதைக் கேட்டுத்தான் படகைத் திருப்புவார். அவ்வளவுதான் வேலை. உரக்கப் பேசத் தெரிய வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது. இதில் முதல் பாதிக்கு நம் வம்சத்தில் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

புயல் எதுவும் இல்லை. வானம் தெளிவாக இருந்தது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். கேப்டனின் வாக்குமூலத்தை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை: "ஆழம் சொல்பவர் கடைசியாகச் சொன்ன ஆழம் எட்டடி. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் சொன்னதெல்லாம் அவருடைய மாமியாரைப் பற்றியே." பயணிகள் மொத்தம் அறுபத்திரண்டு பேர். அதில் ஐம்பத்தொன்பது பேர், கதை சரியாகக் காதில் விழாததால் முன்பக்கம் வலது ஓரமாக நகர்ந்து வந்தோம் என்று சொல்லிவைத்த மாதிரி சொல்லியிருக்கிறார்கள். மீதி மூன்று பேரில் இருவர் தூக்கம், ஒருவர் முதல் வகுப்பு. கொதிகலன் பார்க்கும் ஆளைக் கூப்பிட்டு, நீ எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். மாமியார் சாவியைத் தொலைத்த கட்டத்தில் நானும் மேலே வந்துவிட்டேன் என்கிறான். படகு வலது பக்கம் சாய்ந்து, மணல்திட்டில் ஏறி, அடித்தகடு கிழிந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நிதானமாக ஆழத்துக்குள் சரிந்திருக்கிறது. எல்லோரும் மணல்திட்டில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தே கரைக்கு வந்தார்கள். யாரையும் யாரும் தோளில் சுமக்கவில்லை. தப்பு, ஒருவரைச் சுமந்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவை. நடக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கிக் கதை நின்று நின்று போனதால், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

தொப்பியைப் பற்றியும் இருக்கிறது. கேப்டன் புகார் கொடுத்திருக்கிறார்: என் தொப்பியைக் காணவில்லை, கடைசியாக ஆழம் சொல்பவர் தலையில் பார்த்தேன். உன் வீட்டுப் படத்தில் அந்தத் தொப்பி காதுவரை இறங்கிக் கண்ணை மறைக்கிறதே, நூறு வருஷமாக மூன்று தலைமுறை அதைப் பார்த்தோமே, ஒருத்தருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா?

நான் அறிக்கையை மூடிவைத்துவிட்டு அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டேன். குரலில் ஒரு துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்போ இந்தப் படகுக்கு ஒண்ணுமே முக்கியத்துவம் இல்லைன்னு ஆயிடுச்சுங்களா" என்றேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க. கடைசி ரெண்டு பக்கம் படிக்கலையா?"

"எனக்கு அந்தத் தொப்பியிலயே போதும்னு ஆயிடுச்சு."

"படிங்க சார். அடுத்த படகு வர்ற வரைக்கும் பயணிகள் கரையிலயே காத்திருக்கணும்னு கம்பெனி தகவல் அனுப்பியிருக்கு. நாலு மாசத்துல கம்பெனியையே மூடிட்டாங்க. அடுத்த படகு வரவே இல்ல. அந்தக் கரையில அதுக்கு முன்னாடி ஒரு குடிசைகூட கிடையாது. காத்திருந்தவங்கதான் சார் உங்க ஊர்."

போனைக் காதில் வைத்தபடியே வாசல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நம் ஊரில் எல்லா வீட்டிலும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்குமே, அக்கா. அவசரத்துக்கு நாலு துணி, ஒரு போர்வை, ஒரு டம்ளர் போட்டு மூடிவைத்த பெட்டி. கல்யாணமாகிப் போன புதிதில் நீ உன் மாமியார் வீட்டு வாசலிலும் ஒன்று வைத்து, எங்கேம்மா கிளம்பறே என்று கேட்டு அவர்கள் பயந்துபோனார்களே. ஏன் வைக்கிறோம் என்று நமக்கும் தெரியாது, கேட்டால் வைக்கிறது வழக்கம் என்போம். படகு வந்தால் ஏறிக்கொள்ள, அக்கா. நூறு வருஷத்துக்கு மேலாகப் பெட்டி கட்டிவைத்துக்கொண்டு ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது.

"அப்ப கேப்டன்?" என்று கேட்டேன், கடைசி நப்பாசை.

"அவர் மறுநாளே நடந்து கிளம்பிட்டார் சார். முதல் வகுப்புல ஒரே ஒருத்தர், பல் டாக்டர், அவரும் கூடவே போயிட்டார்."

அதாவது மருந்துக்கடைக்காரரின் கொள்ளுத்தாத்தா முதல் வகுப்பில் வரவில்லை. அறிக்கையில் இருக்கும் பயணிகள் பட்டியலில் பார்த்தேன்: மேல்தளம், கோழிக்கூடைக்குப் பக்கத்தில், கையில் ஒரு குடை. மூன்று டிரங்குப் பெட்டியும் பல் டாக்டருடையவை. ஊரில் முதல் வகுப்புப் பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் பதினேழு குடும்பத்துக்கும் இதே கதிதான். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் வைத்திருக்கும் முதல் விஷயம் இது, வயிறு உப்பிவிட்டது.

கடைசியில் அந்த அம்மா ஒன்று சொன்னார். "இந்த அறிக்கையை நீங்க மனுவோட சேர்த்துக் கொடுத்தாத்தான் நான் சான்றா எடுத்துக்க முடியும். கொடுத்தீங்கன்னா படகு நிக்கும், நான் உறுதியா சொல்றேன். கொடுக்கலைன்னா இது உங்க குடும்ப விஷயம், நான் வாயைத் திறக்க மாட்டேன். புதன்கிழமை வரைக்கும் யோசிங்க."

வெள்ளியிலிருந்து யோசிக்கிறேன். கொடுத்தால் படகு பிழைக்கும், கேப்டன் மூழ்குவார். கொடுக்காவிட்டால் கேப்டன் பிழைப்பார், படகு எடைக்குப் போகும். உன் தம்பி பெண்டாட்டியிடம் கேட்டேன்.

"கொடுத்துடுங்க. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நீங்க யார் வம்சம்னு இப்பதான் எனக்கே புரியுது" என்றாள்.

"அக்கா வீட்டு வாசல்ல கேப்டன் இல்லம்னு பலகை தொங்குதே."

அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு இதில் போவது ஒன்றுமில்லை, அக்கா. என்னை ஊரில் யாரும் நம்புவதில்லை, ரசிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நீ அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து உன் நாத்தனார் எங்க தாத்தா நீதிபதி, எங்க பெரியப்பா நீதிபதி என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் உன் கையில் இருந்த ஒரே ஆயுதம் கேப்டன்தான். ஒரு தடவை நான் வந்திருந்தபோது பார்த்தேன். அந்தம்மா உன் சமையலைப் பற்றி என்னவோ சொன்னார், நீ பதில் சொல்லாமல் போய்ப் படத்தின் தூசியைத் துடைத்தாய், மெதுவாக, இரண்டு பக்கமும். அந்தம்மா அடங்கிவிட்டார். அப்படிப்பட்ட மனுஷரை உன் கையிலிருந்து பிடுங்கி, இவர் மாமியார் கதை சொல்லிக் கப்பலைக் கவிழ்த்தவர் என்று சீல் வைத்த காகிதத்தில் கொடுத்தால் நீ அடுத்த முறை எதைத் துடைப்பாய்?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அறிக்கையை நம் வீட்டு வாசல் பெட்டிக்குள், போர்வைக்கு அடியில் வைத்துப் பூட்டியாயிற்று. நாளைக்கு விசாரணையில், சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். படகு போனால் போகட்டும், நூறு வருஷம் தண்ணீருக்குள் இருந்தது, யாரும் அழவில்லை. உன் பலகை அப்படியே இருக்கட்டும், படமும். இந்த ரகசியம் நமக்குள், நான், நீ, உன் தம்பி பெண்டாட்டி, அதிகாரியம்மா, நாலு பேருக்குள். இதைப் படித்ததும் கிழித்துவிடு. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறேன், எனக்காக இல்லை, உனக்காக. சின்ன வயதில் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தவள் நீ. ரேடியோவை அணைத்தாயிற்று.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். உன் நாத்தனாருக்கும் என் பணிவான விசாரிப்புகள், கேப்டன் குடும்பத்தின் சார்பில். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பார்வையோடும் இருக்க வேண்டும். பார்வை, படத்தைத் துடைப்பதற்கு.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி,
ரேடியோ (அணைக்கப்பட்டது)

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். கடிதம் மொறமொறவென்று இருப்பதற்கும் நடுப்பக்கங்கள் நீலமாகக் கரைந்திருப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். பென்சிலில் எழுதுகிறேன், பேனா ஆற்றில் இருக்கிறது.

காலையில் ஒன்பது மணிக்கு இதைத் தபாலில் போடத்தான் போனேன், சத்தியமாக. தபால்பெட்டி ஆற்றோரச் சாலையில் இருப்பது என் குற்றமில்லை. கான்ட்ராக்டரும் எட்டு ஆட்களும் பன்னிரண்டு மணி எப்போது ஆகும் என்று மிதவையில் ஆளுக்கொரு மூலையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "என்ன சார், இவ்வளவு தடியா கவரு, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார் கான்ட்ராக்டர். அக்காவுக்குக் கடிதம் என்றேன். "அக்காவுக்கு எழுத இவ்வளவு என்ன சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லையே. பலகையில் கால் வைத்து மிதவையில் ஏறி, கவரைப் பிரித்து, ஒரே ஒரு வரி, அந்த எட்டடி வரியை மட்டும் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். மறுகோடியில் இருந்த ஒருத்தன், "இங்க கேக்கல சார், மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான். நான் சொன்னேன். அவன் எழுந்து வந்தான். அவன் பக்கத்தில் இருந்தவனும் வந்தான். கொதிகலன்காரன் மேலே வந்த கட்டத்தில் கான்ட்ராக்டரே சிலிண்டரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

அக்கா, மிதவை என்னும் பொருள் மிகவும் மரியாதையானது. அவசரப்படாமல் சாய்கிறது. முதலில் டீ டம்ளர்கள் போயின, அப்புறம் சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக உருண்டன, அப்புறம் வெட்டும் சாமான்கள், அப்புறம் நாங்கள் பத்துப் பேர். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான். மிதவை மட்டும் பக்கத்துப் பள்ளத்தில் சரிந்து, கொள்ளுத்தாத்தாவின் படகுக்குத் தோழனாகப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் நனைந்த கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தன் தலையிலிருந்த பாசியை எடுத்துப் போட்டுவிட்டு, "அப்புறம் அந்த மாமியார் சாவி கிடைச்சுதா சார்?" என்றான். ஒன்பது முகமும் என்னைப் பார்த்தன. அறிக்கையில் அது இல்லை. ஆனால் கழுத்தில் இரும்பு வெட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்பது பேர் தண்ணீரில் நின்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கிடைத்தது என்றேன். எங்கே கிடைத்தது என்றும் சொன்னேன். அந்த நிமிஷம்தான் எனக்குக் கொள்ளுத்தாத்தாவை முதல் தடவையாக அடையாளம் தெரிந்தது. கேப்டனாக இருந்திருந்தால் அவர் பின்னால் நின்று முதுகுகளைத்தான் பார்த்திருப்பார்.

கரையில் அதிகாரியம்மா நின்றுகொண்டிருந்தார். விசாரணைக்கு முன்னால் படகைப் பார்க்க வந்தவர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "சார், இப்ப எல்லார் முன்னாடியும் படிச்சுட்டீங்க. அந்த அறிக்கையைச் சான்றா கொடுக்கறீங்களா?" என்றார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன், அக்கா. பலகையை நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஈரத்தோடு வீட்டுக்கு ஓடி, வாசல் பெட்டியிலிருந்து அறிக்கையை எடுத்துவந்து கொடுத்துவிட்டேன். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை எட்டிப் பார்த்தேன்: விபத்து நடந்த விதம் செய்முறையாகவும் விளக்கப்பட்டது.

படகு நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள், வாசகமும் எழுதியாயிற்று: இந்த ஊர் உருவாகக் காரணமானவர், ஆழம் சொல்பவர். கீழே கொள்ளுத்தாத்தாவின் படம், தொப்பியோடு. நீ உன் வாசல் பலகையைக் கழற்றிவிடு, படத்தை மட்டும் கழற்றாதே. நாத்தனார் இனி ஆரம்பித்தால், உங்க தாத்தா ஊருக்குத் தீர்ப்பு சொன்னார், எங்க கொள்ளுத்தாத்தா ஊரையே உண்டாக்கினார், அதுவும் வெறும் வாயால் என்று சொல்லிவிட்டு, எப்போதும் போல இரண்டு பக்கமும் மெதுவாகத் துடை.

மேலே கிழித்துவிடு என்று எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். உன் தம்பி பெண்டாட்டி பக்கங்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள், மத்தியானத்துக்குள் தெருவே படித்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கோழிக்கூடைப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு ஆட்களும் இப்போது நம் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், பெட்டிகளை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு. வேறு மிதவை அனுப்புகிறேன், வரும்வரை இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு கான்ட்ராக்டர் பஸ் ஏறிப் போய்விட்டார். அது எப்போது சார் வரும் என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.